முட்டிக்குக் கீழே ஒரு குட்டி மூட்டு

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். முட்டிச்சில்லின் கீழ் விளிம்பிலிருந்து விரலைக் காலின் வெளிப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போங்கள். முழங்கால் மூட்டுக்கு ஒன்றிரண்டு விரற்கடை கீழே, கொஞ்சம் பின்பக்கம் தள்ளி, புளியங்கொட்டையைவிடப் பெரிதாக ஒரு மேடு தட்டுப்படும். அழுத்தினால் கெட்டியாக இருக்கும். தொடையின் பின்புறத்திலிருந்து இறங்கும் கயிறு போன்ற ஒன்று அந்த மேட்டில் வந்து முடிவதையும் விரலால் உணரலாம்.

அந்த மேட்டுக்கு உள்பக்கம், எலும்போடு எலும்பு சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முழங்கால் வலி என்று போனால் முழங்காலைப் பார்க்கிறார்கள், கணுக்கால் வலி என்றால் கணுக்காலைப் பார்க்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் இந்தச் சின்ன மூட்டை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. இதைப் பற்றி விளக்கமாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம்.

முதலில் எலும்புகளைப் பார்ப்போம். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் உண்டு. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகிற மாதிரி வலிக்குமே, அந்த முன்பக்கத்துப் பெரிய எலும்பு டிபியா. அதற்கு வெளிப்பக்கமாக, ஒட்டிக்கொண்டே இறங்கும் ஒல்லியான எலும்பு ஃபிபுலா. கோழிக்கறியில் லெக் பீஸைக் கடிக்கும்போது தடித்த எலும்பின் பக்கத்தில் ஊசி போல மெல்லிய எலும்பு ஒன்று வரும், குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது தொண்டையில் குத்திவிடுமோ என்று பார்த்து எடுத்துவிடுவோம் இல்லையா? அதுதான் கோழியின் ஃபிபுலா. கோழிக்கு அது பாதி வழியிலேயே கூராக முடிந்துவிடும். நமக்குக் கணுக்கால் வரை இறங்கி, வெளிப்பக்கத்துக் கணுக்கால் மேடாகவே முடிகிறது.

ஃபிபுலா என்ற லத்தீன் சொல்லுக்கு, துணியைச் சேர்த்துக் குத்தும் ஊக்கு என்று பொருள். இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஊக்கின் கம்பி மாதிரி தெரிவதால் அந்தப் பெயர்.

மேலே டிபியாவின் தலைப்பகுதி அகலமாக விரிந்திருக்கும். அதன் வெளிப்புறப் பின்பக்கத்தில், சற்றுத் தாழ்வாக, ஃபிபுலாவின் தலை வந்து ஒட்டுகிறது. அந்தச் சந்திப்புதான் மேல் டிபியா-ஃபிபுலா மூட்டு. சின்னதாக இருந்தாலும் முழுமையான மூட்டு இது. இரண்டு எலும்பின் முகத்திலும் வழுவழுப்பான குருத்தெலும்பு உண்டு, சுற்றிலும் ஒரு உறை உண்டு, உள்ளே மசகு போல நீர் உண்டு. முன்னும் பின்னும் லிகமெண்டுகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. (நம் ஊரில் லிகமெண்டையும் ஜவ்வு என்கிறார்கள், முழங்காலுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறார்கள். குழம்பிவிடக் கூடாது என்பதால் இங்கே தனித்தனிப் பெயரையே சொல்கிறேன்.) முன்பக்க லிகமெண்ட் தடிமனானது, பின்பக்கத்தது அதைவிட மெல்லியது. சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த மூட்டின் உள்ளிடம் முழங்கால் மூட்டோடு நேரடியாகத் திறந்திருக்கும். அவர்களுக்கு முழங்காலில் நீர் கோத்தால் அது இங்கேயும் வந்து சேரலாம்.

எடை தாங்காத மூட்டு எதற்கு?

உடலின் எடையைத் தொடை எலும்பிலிருந்து வாங்கித் தரைக்கு இறக்குவது டிபியாதான். ஃபிபுலா முழங்கால் மூட்டுக்குள் நுழைவதே இல்லை. ஆனாலும் எடையில் ஆறில் ஒரு பங்கு ஃபிபுலா வழியாகப் போகிறது என்று 1971-இல் லாம்பர்ட் என்பவர் அளந்து எழுதினார். அந்தப் பங்குகூட இந்த மூட்டின் முக்கிய வேலை இல்லை. இதன் வேலை, முறுக்கை வாங்கிக்கொண்டு கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது.

எப்படி என்றால், கணுக்காலுக்குள் தாலஸ் என்று ஒரு எலும்பு இருக்கிறது. டிபியாவும் ஃபிபுலாவும் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்க, நடுவே அது ஆடுகிறது. தாலஸின் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேல்நோக்கித் தூக்கும்போது அந்த அகலமான பக்கம் கவ்வைக்குள் நுழைகிறது. இடம் போதாமல் ஃபிபுலா சற்று வெளிப்பக்கம் விலகி, லேசாகத் திரும்புகிறது. கீழ் முனை திரும்பினால் மேல் முனையும் திரும்பித்தானே ஆக வேண்டும்? அந்தத் திருப்பத்துக்கு இடம் கொடுக்கிறது மேலே உள்ள நம் மூட்டு. அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் மாடிப்படி ஏறும்போதும், குத்தவைத்து உட்காரும்போதும், ஓடும்போதும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

முழங்காலும் இதை அசைக்கிறது. அந்த மேட்டில் முடியும் கயிறு பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்ற தொடைத் தசையின் நாண். அதன் கூடவே முழங்காலின் வெளிப்பக்க லிகமெண்டும் ஃபிபுலாவின் தலையில்தான் வந்து கட்டப்பட்டிருக்கிறது. காலை நீட்டினால் இரண்டும் விறைத்து ஃபிபுலாவின் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். மடக்கினால் தொய்ந்துவிடும், தலை சற்று முன்னுக்கு நகரும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காயம் எப்படி வருகிறது என்பது இதிலிருந்தே புரிந்துவிடும்.

ஃபிபுலாவின் நடுப்பகுதி இல்லாமலே மனிதனால் நடக்க முடியும் என்பதும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. வாய்ப் புற்றுநோயில் தாடை எலும்பை வெட்டி எடுக்க நேர்ந்தால், ஃபிபுலாவின் நடுத்துண்டை அதன் இரத்தக் குழாயோடு எடுத்துப் புதுத் தாடை செய்கிறார்கள். 1989-இல் நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ இந்த முறையைத் தாடைக்குக் கொண்டுவந்தார். வாய்ப் புற்றுநோய் அதிகம் உள்ள நம் நாட்டில் இன்று வழக்கமாகிவிட்ட அறுவை சிகிச்சை இது. அப்போதும் எலும்பின் இரண்டு முனைகளையும் தொடாமல் விட்டுவிடுவார்கள். கீழ் முனை போனால் கணுக்கால் நிலைகுலையும். மேல் முனையின் அருகே ஒரு முக்கியமான நரம்பு போகிறது, முழங்காலின் கட்டும் அங்கேதான் இருக்கிறது.

எல்லாருக்கும் இந்த மூட்டு ஒரே வடிவில் இருப்பதில்லை. ஜான் ஆக்டன் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1974-இல் இதை இரண்டாகப் பிரித்தார். மூட்டின் முகம் கிட்டத்தட்டப் படுக்கையாக, 20 பாகைக்குள் சாய்ந்திருந்தால் ஒரு வகை. அதைவிடச் செங்குத்தாகச் சாய்ந்திருந்தால் இன்னொரு வகை. படுக்கை வகையில் ஃபிபுலாவின் தலை டிபியாவின் ஒரு விளிம்புக்கு அடியில் பதுங்கி உட்கார்ந்திருக்கும், திரும்புவதற்கும் இடம் அதிகம். சாய்ந்த வகையில் ஒட்டும் பரப்பு குறைவு, திரும்பும் அளவும் குறைவு. முறுக்கு வந்தால் விட்டுக்கொடுக்க முடியாமல் நழுவிவிடும். மூட்டு விலகியவர்களில் பெரும்பாலோர் இந்த வகைக்காரர்கள் என்றும் ஆக்டன் கண்டார்.

எப்படி விலகுகிறது

விளையாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது தடுமாறி, முழங்கால் மடங்கி, பாதம் உள்பக்கமாகப் பிரண்டு கீழ்நோக்கி மடிந்த நிலையில், அந்தக் காலின் மேலேயே விழுகிறீர்கள் என்று வையுங்கள். முழங்கால் மடங்கியதால் ஃபிபுலாவின் தலையைப் பின்னிருந்து பிடித்திருந்த இரண்டு கட்டும் தொய்ந்துவிட்டன. பாதம் பிரண்டதால், பாதத்தைத் தூக்கும் தசைகளும் வெளிப்பக்கம் திருப்பும் தசைகளும் சட்டென்று விறைத்து ஃபிபுலாவை முன்னுக்கு இழுக்கின்றன. பிடிமானம் இல்லாத நேரத்தில் இழுப்பு. தலை முன்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் நழுவிவிடும். விலகல்களில் மிக அதிகமாக நடப்பது இந்த வகைதான்.

கால்பந்து, மல்யுத்தம், பனிச்சறுக்கு, நீளம் தாண்டுதல், பாரசூட்டில் தரையிறங்குதல் ஆகியவற்றில் இந்தக் காயம் பதிவாகியிருக்கிறது. கபடியில் மடங்கிய காலின் மேல் நாலு பேர் சேர்ந்து விழும்போதும் கால் இதே நிலையில்தான் சிக்கிக்கொள்கிறது.

பின்பக்கமாக நழுவுவது அரிது. அதற்கு வெளியிலிருந்து நேரடி அடி விழ வேண்டும். கார் பம்பர் முட்டிக்குக் கீழே இடிப்பது, குதிரையில் போகிறவரின் கால் வாசல் கம்பத்தில் மோதுவது போன்றவை. இந்த வகையில் முழங்காலின் வெளிப்பக்க லிகமெண்டும் சேர்ந்து கிழிவதுண்டு. மூன்றாவதாக, டிபியா உடைந்து குறுகும்போதோ கணுக்கால் பலமாக அடிபடும்போதோ ஃபிபுலா மேலே தள்ளப்பட்டு விலகும். பெரிய விபத்துகளில் மட்டுமே இது நடக்கும். அங்கே உடைந்த எலும்பே எல்லார் கவனத்தையும் இழுத்துக்கொள்வதால், இந்த மூட்டு விலகியிருப்பது கண்ணில் படாமல் போய்விடும்.

முன்பக்க விலகலை எப்படி அடையாளம் காண்பது? முட்டியின் வெளிப்பக்கம் வலிக்கும். அந்த மேடு மற்றக் காலைவிடத் துருத்திக்கொண்டு தெரியும். சிலரால் காலை ஊன்றவே முடியாது, சிலர் நொண்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள். முழங்கால் மூட்டு மட்டும் வீங்கியிருக்காது, மடக்கி நீட்டுவதும் ஓரளவு நடக்கும். எனக்கு மிக முக்கியமாகப் படும் அடையாளம் வேறு: பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் வலி மேலே, முட்டியின் பக்கத்தில் தெரியும். கணுக்காலை ஆட்டினால் முட்டியோரம் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், உடனே இந்த மேட்டில்தான் கை போக வேண்டும்.

அங்கே கை போகாமல், மெனிஸ்கஸ் கிழிந்திருக்கும் என்று நினைத்து சிகிச்சை தொடங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டிலும் வலி வெளிப்பக்கம், இரண்டிலும் 'கிளிக்' என்று சத்தம் வரலாம். ஆனால் மெனிஸ்கஸ் வலி மூட்டின் கோட்டிலேயே இருக்கும், இது அதற்கும் கீழே. முழங்காலை மடக்கிக்கொண்டு, மேட்டை விரல்களுக்கு நடுவே பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்ப்பார்கள், மற்றக் காலோடு ஒப்பிடுவார்கள். எக்ஸ்ரேயும் இரண்டு முழங்காலையும் சேர்த்து எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும், ஒரு காலை மட்டும் எடுத்தால் ஏமாற்றிவிடும். சந்தேகம் தீர சிடி ஸ்கேன்தான் நல்ல வழி.

புதிதாக விலகியதைப் பெரும்பாலும் அறுக்காமலே சரிசெய்யலாம். வலி தெரியாமல் மருந்து கொடுத்து, முழங்காலை 80 முதல் 110 பாகை வரை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி மேலே தூக்கிப் பிடித்து, மேட்டைப் பின்னோக்கி அழுத்தினால் சத்தத்தோடு உள்ளே போய் உட்காரும். மடக்குவது ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும், கட்டுகள் தொய்ந்தால்தான் தலை திரும்ப வர வழி கிடைக்கும். இதை மருத்துவர்தான் செய்ய வேண்டும், மைதானத்தில் நண்பர்கள் காலைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் வேலை இல்லை இது. அப்புறம் சில வாரம் காலுக்கு ஓய்வு, ஊன்றுகோல், படிப்படியாகப் பயிற்சி. பின்பக்க விலகல் கையால் அழுத்திப் பொருத்தினால் நிலைப்பது குறைவு, பெரும்பாலும் அறுவை சிகிச்சையில்தான் முடியும்.

விலகாமல் ஆடுகிற மூட்டு

முழுக்க நழுவாமல், தளர்ந்து அடிக்கடி ஆடிக்கொண்டே இருக்கும் நிலையும் உண்டு. பழைய காயம் சரியாக ஆறாதவர்களிடமும், உடம்பிலுள்ள மூட்டுகள் எல்லாமே இயல்பாகத் தளர்வாக இருப்பவர்களிடமும் இதைப் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு, விழுந்த நினைவே இல்லாமல் இப்படி வரும். வளர வளர அவர்களில் பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். அதனால் பெற்றோர்கள் பயந்துவிட வேண்டாம். சில வாரம் ஆழமாகக் குத்தவைப்பதைத் தவிர்ப்பது, மேட்டுக்குச் சற்றுக் கீழே பட்டை கட்டுவது, தொடைத் தசைக்கும் கெண்டைக்கால் தசைக்கும் பயிற்சி கொடுப்பது என்று தொடங்குவார்கள். பட்டை இறுகக் கூடாது, அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு இதெல்லாம் பலிக்காவிட்டால் அறுவை சிகிச்சை. முன்பெல்லாம் ஃபிபுலாவின் தலையையே வெட்டி எடுத்துவிடுவார்கள், அல்லது இரண்டு எலும்பையும் திருகாணி போட்டு ஒன்றாக ஒட்டிவிடுவார்கள். ஒட்டிவிட்டால் மேலே வலி நிற்கும், ஆனால் ஃபிபுலாவால் திரும்ப முடியாததால் முறுக்கு முழுவதும் கணுக்காலில் இறங்கி, கொஞ்ச காலத்தில் அங்கே வலி தொடங்கும். அதனால் இப்போது தொடையிலிருந்து ஒரு நாணை எடுத்துப் புது லிகமெண்டாகக் கட்டி, அசைவை வைத்துக்கொண்டே பிடிப்பைக் கொடுக்கும் முறைக்கு மாறியிருக்கிறார்கள்.

கணுக்கால் பிரண்டால் மேலேயும் அழுத்திப் பாருங்கள்

இதுவரை முட்டியைப் பற்றிப் பேசினோம். எதிர்த்திசையிலும் ஒரு காயம் உண்டு. கணுக்கால் பலமாக வெளிப்பக்கம் முறுக்கப்படும்போது, அந்த விசை கணுக்காலின் கட்டுகளைக் கிழித்துக்கொண்டு, இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள சவ்வின் வழியே மேலேறி, ஃபிபுலாவை அதன் தலைக்குப் பக்கத்தில் உடைத்துவிட்டு வெளியேறும். அடிபட்டது கீழே, உடைந்தது மேலே. 1840-இல் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் மேசன்னவ் பெயராலேயே இந்த முறிவு அழைக்கப்படுகிறது.

இதில் ஆபத்து என்னவென்றால், கணுக்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு உடையவில்லை, வெறும் சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. கணுக்காலின் கவ்வை விரிந்தபடியே நடந்தால் சில வருடங்களில் அங்கே குருத்தெலும்பு தேய்ந்துவிடும். கணுக்கால் பிரண்டு வீங்கி, முட்டிக்கு வெளிப்பக்கத்து மேட்டை அழுத்தும்போதும் வலித்தால், முழுக் காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அந்த நரம்பு

தசைநாணையும் நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே நான் சொல்வது நிஜமான நரம்பு. இடுப்பிலிருந்து இறங்கும் சயாட்டிக் நரம்பின் ஒரு கிளை, முழங்காலின் பின்புறம் வந்து, ஃபிபுலாவின் தலைக்குக் கீழே அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்னுக்குப் போகிறது. பெயர் பெரோனியல் நரம்பு. பெரோனே என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊசி, ஊக்கு என்றுதான் பொருள். கழுத்தைச் சுற்றும் இடத்தில் நரம்புக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே தோலும் மெல்லிய கொழுப்பும் தவிர வேறெதுவும் இல்லை. கீழே எலும்பு, மேலே தோல். அழுத்தம் வந்தால் ஒதுங்க இடமில்லை.

பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குவது இந்த நரம்பின் வேலை. அது செயலிழந்தால் பாதம் தொங்கிவிடும். நடக்கும்போது முன்பாதம் தரையில் இழுபடும், செருப்பு கழன்று கழன்று போகும், தடுக்காமல் இருக்க முட்டியை உயரத் தூக்கி வைத்து நடப்பார்கள். பாதத்தின் மேல்புறம் மரத்துப்போகும்.

மூட்டு விலகும்போது இந்த நரம்பு இழுபடலாம். ஆனால் விபத்தே இல்லாமலும் இது பாதிக்கப்படுகிறது. மாவுக்கட்டின் மேல் விளிம்பு சரியாக அந்த இடத்தில் அழுத்தினால் போதும். முட்டிக்குக் கீழே துணியும் மூங்கில் பத்தையும் வைத்து இறுக்கிக் கட்டினாலும் அதே கதைதான். கட்டுப் போட்டிருப்பவரிடம் தினமும் ஒருமுறை, கால் கட்டைவிரலை மேலே தூக்கு பார்ப்போம் என்று கேளுங்கள். நேற்றுத் தூக்கியவர் இன்று தூக்க முடியாமல் திணறினால் விடியும் வரை காத்திருக்காமல் கட்டைத் தளர்த்த ஓட வேண்டும். மணிக்கணக்கில் குத்தவைத்தே வேலை செய்கிறவர்களுக்கும், கால் மேல் கால் போட்டு நெடுநேரம் உட்காருகிறவர்களுக்கும் இதே நரம்பு நசுங்கலாம். உடல் எடை வேகமாகக் குறைந்தவர்களுக்கு அந்த மெல்லிய கொழுப்பும் கரைந்துவிடுவதால் இன்னும் எளிதில் நசுங்கும். அழுத்தம் போனால் நரம்பின் செயல் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும்.

காரணமே தெரியாமல் பாதம் தொங்கினால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். நம் மூட்டுக்கு உணர்வு கொடுக்க இதே நரம்பிலிருந்து நூல் போல ஒரு கிளை திரும்பி வருகிறது. மூட்டின் உறையில் சின்ன ஓட்டை விழுந்தால், உள்ளே இருக்கும் நீர் அந்தக் கிளைக்குள் புகுந்து, குழாயில் ஏறுவது போல ஏறி, பெரிய நரம்புக்குள்ளேயே கட்டியாகத் தேங்கிவிடும். கட்டியை மட்டும் எடுத்தால் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தது, ஏன் என்று நெடுங்காலம் புரியவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் ஸ்பின்னர், நீர் வருவது மூட்டிலிருந்துதான் என்பதை எம்ஆர்ஐ படங்களைக் கொண்டும் அறுவை சிகிச்சையில் கண்டதைக் கொண்டும் நிறுவினார். இப்போது அந்த நூல் கிளையையும் துண்டித்து, நீர் ஊறும் மூட்டையும் சரிசெய்கிறார்கள், கட்டி திரும்புவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பாதம் தொங்குகிறவருக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் முதுகோடு நிறுத்திக்கொள்ளாமல், முட்டியின் வெளிப்பக்கத்தையும் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.